பெரிய பழைய பூங்காவைச் சுற்றி உருவான பகுதியில் வீடு வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்துக்கு மேல் பழைய, மிகப் பெரிய பொதுப் பூங்கா ஒன்று. அதைச் சுற்றியே திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்புப் பகுதி. அங்கே ஒரு வீடு பார்த்திருக்கிறீர்கள். பூங்காவைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்பதற்காக விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். "அது நியாயமா?" என்றும், பூங்காவை நேராகப் பார்த்த அந்த வீடா, இரண்டு தெரு உள்ளே இருப்பதா, எதை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியதை இரண்டு தடவை படித்தால் உங்கள் கவலை விலையில் இல்லை என்று தெரிகிறது. இன்று எதற்காகக் கூடுதல் பணம் தருகிறோமோ அந்தப் பூங்கா இருபது முப்பது வருஷம் கழித்து இதே நிலையில் இருக்குமா, அதை யார் பார்த்துக்கொள்வார்கள், அது கெட்டால் நம் வீடும் சேர்ந்து கெடுமா, இதுதான் நீங்கள் கேட்பது. நான் படித்தது நகரமைப்பு, பல வருஷமாக வேலை செய்வது பூங்காக்களும் அவற்றை ஒட்டிய தெருக்களும் தொடர்பாகத்தான். அதனால் விரிவாகவே பதில் சொல்கிறேன். சொத்துச் சட்டம் என் துறை இல்லை. பத்திரத்தை வக்கீல்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். இந்த மாதிரிப் பகுதிகளில் பூங்கா முன்னால் வந்து வீடுகள் தற்செயலாக அதைச் சுற்றி முளைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இரண்டும் ஒரே கணக்கில், ஒரே வரைபடத்தில் பிறந்தவை. மிகத் தெளிவான உதாரணம் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட். 1840-களில் அந்த ஊர் நிர்வாகம் சுமார் 226 ஏக்கர் நிலத்தை வாங்கியது. அதில் ஏறக்குறைய 125 ஏக்கரை எல்லோருக்கும் இலவசமான பூங்காவாக ஒதுக்கி, மிச்சத்தை விளிம்பு நெடுக வீட்டு மனைகளாகப் பிரித்து விற்று, அந்தப் பணத்தில் பூங்காச் செலவை ஈடுகட்டலாம் என்பது திட்டம். ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்தார், 1847 ஏப்ரலில் திறந்தார்கள். பொதுப் பணத்தில் உருவாகி யார் வேண்டுமானாலும் இலவசமாக நுழையலாம் என்ற வகையில் உலகின் முதல் பூங்காக்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அதற்கும் முன்னால் லண்டனில் ரீஜண்ட்ஸ் பார்க். 1811-இல் குத்தகை முடிந்து அரச குடும்பத்தின் கைக்குத் திரும்பிய நிலம் அது. கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் போட்ட திட்டத்தில் உள்ளே 56 மாளிகைகள், சுற்றிலும் வரிசை வீடுகள் இருந்தன. மாளிகைகளில் கடைசியில் கட்டப்பட்டது எட்டுதான். பொதுமக்களுக்குத் திறந்ததோ 1835-இல், அதுவும் ஒரு பகுதியை மட்டும், வாரத்தில் சில நாள் மட்டும்.

இதை நான் வரலாற்று ஆசையால் சொல்லவில்லை. பூங்காவை ஒட்டிய மனைக்குக் கூடுதல் விலை என்பது உங்கள் விற்பனையாளர் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. அந்தக் கூடுதல் விலைதான் பூங்காவையே கட்டியது. அதே நேரத்தில் அந்தக் கணக்கு நினைத்த வேகத்தில் நடக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பர்க்கன்ஹெட்டில் மனைகள் எதிர்பார்த்ததைவிட மெதுவாகத்தான் விற்றன. ஏழை மக்கள் நிறைந்த கிழக்கு லண்டனில் 1845-இல் திறந்த விக்டோரியா பார்க்கிலும் சுற்றி வசதியான வீடுகள் வரும் என்று எதிர்பார்த்தார்கள், அதுவும் இழுத்துக்கொண்டே போனது. பூங்கா இருந்தால் வீட்டு விலை தானாக ஏறும் என்று யாராவது சொன்னால், சுற்றியுள்ள ஊரும் நன்றாக இருந்தால் மட்டும் என்று நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் கதை இன்னும் பெரியது. 1853-இல் சட்டம் போட்டு நிலம் எடுத்தார்கள், 1858-இல் ஃபிரெடெரிக் லா ஓல்ம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும் பூங்கா வடிவமைப்புப் போட்டியில் ஜெயித்தார்கள், இன்றைக்கு 843 ஏக்கர். நிலம் வாங்கிய செலவில் ஒரு பங்கை அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களிடமே வசூலித்தார்கள், உங்கள் நிலத்தின் மதிப்புதானே ஏறப்போகிறது என்ற நியாயத்தில். பூங்காவை ஒட்டிய மூன்று நகர வார்டுகளின் சொத்து மதிப்பு 1856-இல் சுமார் 2.6 கோடி டாலராக இருந்தது, 1873-இல் சுமார் 23.6 கோடி டாலர் ஆனது என்று கணக்கும் காட்டினார்கள். உலகம் முழுவதும் பூங்காவுக்குப் பணம் கேட்கும் எல்லோரும் இன்றுவரை இந்த எண்ணைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. அந்தப் பதினேழு வருஷத்தில் நகரமே வடக்கே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பூங்கா இல்லாமல் இருந்தாலும் அந்த மண்ணின் விலை எகிறியிருக்கும். எவ்வளவு பூங்காவால், எவ்வளவு நகர வளர்ச்சியால் என்று அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அப்புறம், அந்த நிலம் காலியாகக் கிடந்த நிலமும் இல்லை. சுமார் 1,600 பேரை அங்கிருந்து வெளியேற்றினார்கள். அதில் செனெகா வில்லேஜ் என்ற, கறுப்பின மக்கள் பெரும்பாலும் சொந்த நிலம் வாங்கி, தேவாலயங்களும் பள்ளியும் கட்டி வாழ்ந்த ஊர் ஒன்று 1857-இல் அழிந்தே போனது. பூங்காவைச் சுற்றிய அழகான தெருக்களைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து.

சரி, விலைக்கு வருவோம். இப்போதைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? டெக்ஸாஸ் ஏ&எம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கிராம்ப்டன் 2001-இல் அதுவரை வந்திருந்த சுமார் 30 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் பூங்கா அருகே வீட்டு விலை கூடுதலாகவே இருந்தது. மரமும் புல்வெளியும் நடைபாதையுமாக அமைதியாக இருக்கும் பூங்காவை நேராகப் பார்த்த வீட்டுக்கு 20 சதவீதம் வரை கூடுதல் என்று தொடக்கக் கணிப்பாக வைத்துக்கொள்ளலாம், இரண்டு மூன்று தெரு தள்ளிப் போனால் அந்தக் கூடுதல் கரைந்துவிடும் என்பது அவர் வந்த முடிவு. அதே பூங்காவில் விளக்குக் கம்பம் போட்ட விளையாட்டு மைதானமும் கூட்டமும் வாகன நெரிசலும் இருந்தால், ஒட்டிய வீட்டுக்கு விலை குறையவும் செய்கிறது, ஒரு தெரு தள்ளிய வீட்டுக்குக் கூடுகிறது. இது எனக்கு நேரில் பார்த்தும் பழக்கமான விஷயம். ஆனால் 20 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசப் போகாதீர்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க நகரங்களில் நடந்தவை; உங்கள் நகரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பெரும்பாலும் விலை கூடும். எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்களுக்கு உதவக்கூடியது ஒன்றே ஒன்று: அதே பகுதியில், அதே வயதுள்ள, அதே அளவுள்ள வீடு நான்கு தெரு தள்ளி என்ன விலைக்குப் பத்திரம் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் பூங்காவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை.

இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பயத்துக்கு நேரான பதில் அதில் இருக்கிறது. பால்டிமோர் நகரத்தில் ஆஸ்டின் டிராய், மார்கன் குரோவ் என்ற இருவர் 2008-இல் வெளியிட்டது. பூங்காவைச் சுற்றிக் குற்றம் குறைவாக இருக்கும் இடங்களில் பூங்காவுக்கு அருகே வர வர வீட்டு விலை ஏறியது. வழிப்பறி, பாலியல் வன்முறை ஆகியவற்றின் அளவு ஒரு எல்லையைத் தாண்டிய இடங்களில் தலைகீழ்: அருகே வர வர இறங்கியது. ஒரே நகரம், ஒரே மாதிரிப் பூங்காக்கள். அதாவது பூங்கா தன்னளவில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. சுற்றுப்புறம் நன்றாக இருந்தால் அதை இன்னும் நன்றாக்கும், மோசமாக இருந்தால் இன்னும் மோசமாக்கும்.

"பூங்கா கெட்டால் வீடும் கெடுமா?" ஆம், கெடும். ஆனால் இரண்டும் சேர்ந்து மீண்டும் எழுவதையும் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் லஃபாயெட் ஸ்கொயர் என்று ஒரு பகுதி. நடுவில் 30 ஏக்கர் பூங்கா, நாலு பக்கமும் பணக்காரர்கள் கட்டிய மூன்று மாடி வீடுகள். 1896 மே 27-ஆம் தேதி பெரிய சூறாவளி ஒன்று அந்த நகரத்துக்குள் புகுந்து இந்தப் பூங்காவின் மரங்களை முறித்துப் போட்டது. வசதியானவர்கள் பலர் திரும்பிக் கட்டாமல் நகரத்தின் வேறு பக்கம் போய்விட்டார்கள். பெரிய வீடுகள் அறை அறையாகப் பிரிந்து வாடகை விடுதிகள் ஆயின, பல பத்தாண்டுகள் அப்படியே ஓடின. அதற்கு அப்புறம் பழைய வீடுகளின் மேல் பிரியம் உள்ளவர்கள் மலிவாகக் கிடைத்ததை வாங்கிக் கையாலேயே பழுதுபார்க்க ஆரம்பித்தார்கள், 1972-இல் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தார்கள், இன்று அந்த நகரத்தில் மிகவும் விரும்பப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. மெக்சிகோ நகரத்தில் கொண்டேசா பகுதியும் இதே ரகம். ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருந்த இடத்தில் 1920-களில் ஹோசே லூயிஸ் குவேவாஸ் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த குடியிருப்பு. நடுவில் பார்க்கே மெக்சிகோ என்ற பூங்கா, அதைச் சுற்றி முட்டை வடிவில் ஓடும் ஆம்ஸ்டர்டாம் அவென்யூ. அந்தத் தெரு ஏன் அப்படி வளைகிறது என்றால் அது பழைய குதிரை ஓட்டப் பாதையேதான். 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்துக்குப் பிறகு பலர் காலி செய்துகொண்டு போனார்கள், விலை விழுந்தது, அந்த விலைக்கு வந்த இளம் ஆட்களால் பிற்பாடு அந்த இடம் மறுபடி உயிர் பெற்றது. இந்த இரண்டு கதையிலும் பூங்கா நிலம் பூங்காவாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். வீடுகள் சீரழிந்தன, மரங்கள் போயின, ஆனால் நிலத்தை யாரும் கூறுபோட்டு விற்கவில்லை. மீண்டு வருவதற்கு ஒரு இடம் மிச்சம் இருந்தது.

அதனால் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி, பூங்கா நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த நிபந்தனையோடு இருக்கிறது என்பதுதான். பழமையான பூங்கா என்பதாலேயே பத்திரமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரிஸின் பார்க் மோன்சோ பழைய பிரபுக்கள் தோட்டம். 1860-இல் நகர நிர்வாகம் அதைக் கையில் எடுத்தபோது ஏறக்குறைய பாதியைப் பெரேர் என்ற தொழிலதிபருக்கு விற்றுவிட்டது. அதில் மாளிகைகள் எழும்பின. மிச்சம்தான் இன்று நாம் பார்க்கும் பூங்கா. இன்னொரு பக்கம், லிவர்பூலின் பிரின்சஸ் பார்க்கை 1840-களில் ரிச்சர்ட் வாகன் யேட்ஸ் என்ற தனிமனிதர் வீட்டு மனைத் திட்டமாகத்தான் ஆரம்பித்தார். 1918-இல் அது நகரத்தின் கைக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாமின் வோண்டெல்பார்க்கை 1865-இல் குடிமக்கள் சங்கம் ஒன்று நன்கொடை திரட்டித் திறந்தது. பராமரிக்கப் பணம் போதாமல் 1953-இல் நகராட்சியிடம் கொடுத்தார்கள். எனவே உரிமை மாறிக்கொண்டே இருக்கும் விஷயம். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று காகிதம்: நிலத்தின் மூலப் பத்திரம் அல்லது அதைப் பூங்காவாக ஒதுக்கிய உத்தரவு, நகரத்தின் இப்போதைய நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் அந்த நிலம் என்ன வகையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பது, பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்பது. மூன்றிலும் பூங்கா என்று இருந்தால் நிம்மதி. திட்ட வரைபடத்தில் பூங்காவுக்குக் கீழேயோ குறுக்கேயோ சாலை, ரயில், நிறுத்துமிடம் எதற்காவது கோடு போட்டிருந்தால் விற்பவர் அதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் தேட வேண்டும். பெரிய திறந்தவெளி என்பது ஒவ்வொரு பொறியாளருக்கும் 'எளிதாகக் கிடைக்கும் நிலம்' என்றுதான் கண்ணில் படும். என் வேலையில் நான் மிக அதிகமாகச் சண்டை போட்டது இதற்காகத்தான்.

பராமரிப்பு. இங்கேதான் பெரும்பாலான பூங்காக்கள் விழுகின்றன. பிரிட்டனில் பூங்காவைப் பராமரிப்பது உள்ளாட்சிக்குச் சட்டப்படி கட்டாயமான வேலை இல்லை. நூலகம் கட்டாயம், குப்பை அள்ளுவது கட்டாயம், பூங்கா கிடையாது. விளைவு, பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவது தோட்டக்காரர்கள் மேல். 1970-கள், 80-களில் அங்கே பல விக்டோரியா காலத்துப் பூங்காக்கள் பாழாய்க் கிடந்ததற்கும், 1996-இலிருந்து லாட்டரி நிதியை வைத்து அவற்றைத் தூக்கி நிறுத்த வேண்டி வந்ததற்கும் இதுதான் காரணம். சென்ட்ரல் பார்க்கும் 1970-களில் படுமோசமாக இருந்தது. 1980-இல் கன்சர்வன்சி என்ற தனி அமைப்பு தொடங்கி, நன்கொடை திரட்டி, நகரத்தோடு ஒப்பந்தம் போட்டு அதை மீட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் இருப்பது. அது புது ஊர்தான், பழைய பூங்கா இல்லை. ஆனால் 1992-இல் ஊரின் பூங்காக்களை 999 வருஷக் குத்தகைக்கு ஒரு அறக்கட்டளையிடம் கொடுத்து, கூடவே வாடகை வரும் வணிகச் சொத்துகளையும் அதன் பெயருக்கே எழுதிவைத்தார்கள். வாடகையில் புல் வெட்டுகிறார்கள். எந்தத் தேர்தல் முடிவும் அந்தத் தோட்டக்காரரின் சம்பளத்தைத் தொடாது.

உங்கள் பூங்காவுக்கு அப்படி ஒரு வருமானம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாமல், 'நாங்களே சம்பாதித்துக்கொள்கிறோம்' என்று நிர்வாகம் சொன்னால், எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். பெரும்பாலும் கட்டண நிகழ்ச்சிகள், இசை விழாக்கள், கண்காட்சிகள்தான் அந்த வருமானம். வருஷத்தில் சில வாரம் புல்வெளியைச் சுற்றித் தகரத் தடுப்பு நிற்கும், ஒலிபெருக்கி அலறும், லாரி ஏறிய மண் இறுகிப்போய் மழைத் தண்ணீரைக் குடிக்காது. பூங்காவைப் பார்த்த ஜன்னல் அந்த வாரங்களில் எதைப் பார்க்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். தனிப்பட்ட முறையில், நிகழ்ச்சிகளே கூடாது என்று சொல்கிறவன் நான் இல்லை, நாட்கணக்குக்கு எழுத்தில் ஒரு வரம்பு இருக்க வேண்டும் என்கிறவன்.

அப்புறம் மண்ணும் தண்ணீரும். வீடு வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. நகரங்கள் எந்த நிலத்தைப் பூங்காவுக்கு விட்டுக்கொடுத்தன? பெரும்பாலும் வேறு எதற்கும் உதவாததை. பர்க்கன்ஹெட்டில் அது சதுப்பு. பாக்ஸ்டன் அங்கே ஏரி வெட்டியது அழகுக்காக மட்டும் இல்லை. தண்ணீர் வடிய ஒரு பள்ளம் வேண்டும், வெட்டிய மண்ணை மேடுகளாகக் குவித்தார், அந்த மேடுகள்தான் ஏரியை ஒரே பார்வையில் முழுசாகக் காட்டாமல் மறைத்து மறைத்துக் காட்டுகின்றன. பாரிஸின் பூட் ஷோமோன் பூங்கா இருப்பது பழைய ஜிப்சம் சுரங்கத்தில். வோண்டெல்பார்க் சதுப்பு மண்ணில் இருப்பதால் பூங்காவே மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டிருக்கிறது. சுற்றியிருக்கும் ஆம்ஸ்டர்டாம் வீடுகளோ மரத்தூண்கள் மேல் நிற்பவை, அவை அந்த வேகத்தில் இறங்குவதில்லை. அதனால் தலைமுறைக்கு ஒருமுறை பூங்காவை முழுவதுமாகச் சீரமைக்காவிட்டால் உள்ளே நீர்மட்டம் ஏறிவிடும். கொண்டேசா நிற்பது வற்றிய ஏரிப் படுகையில், அந்த மென்மையான மண் நிலநடுக்க அதிர்வைப் பெருக்கிக் காட்டும். 1985-இலும் சரி 2017-இலும் சரி அடி பலமாக விழுந்ததற்கு அது முக்கியக் காரணம். உங்கள் பூங்காவில் ஏரியோ குளமோ இருந்தால், பூங்கா வருவதற்கு முன் அந்த இடம் என்னவாக இருந்தது என்று பழைய வரைபடத்தில் தேடிப் பாருங்கள், வீடு அந்தப் பழைய நீர்ப்பரப்பின் கோட்டுக்குள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்று பாருங்கள். உள்ளே விழுந்தால் அடித்தளத்தை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பழைய பூங்காக்களில் மரங்களை ஒரே காலத்தில் நட்டார்கள், சாலையோரங்களில் ஒரே இனத்தை வரிசையாக நட்டார்கள். ஒரே வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் மாதிரி அவை ஒரே சமயத்தில் வயதாகி ஒரே சமயத்தில் விடைபெறும். ஒரே இனமாக இருந்தால் ஒரு நோய் போதும். எல்ம் மரங்கள் டச்சு எல்ம் நோயில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தெருத் தெருவாகப் போனது அப்படித்தான். நீங்கள் இன்று பார்த்து மயங்கும் அந்த நிழல் நூறு வயது மரங்களுடையது என்றால், அவற்றுக்கு நடுவே பத்து வயது, முப்பது வயது மரங்களும் நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் அங்கே யாரோ யோசித்து வேலை செய்கிறார்கள். எல்லாமே ஒரே பருமனில் இருந்து, இடையிடையே வெட்டிய அடிக்கட்டைகள் மட்டும் இருந்தால், உங்கள் காலத்திலேயே அந்த வரிசை மொட்டையாகும்.

குளிர்ச்சியைப் பற்றிப் பலர் மிகைப்படுத்துகிறார்கள். பகலில் பூங்காவுக்குள் சுற்றுப்புறத்தைவிட சராசரியாக ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சற்றே குறைவான குளிர்ச்சி என்பதுதான் 2010-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த விடை. பெரிய பூங்கா என்றால் கூடுதலாக இருக்கும், வெளியே சில நூறு மீட்டர் வரை அந்தக் காற்று எட்டும், காற்று வீசும் திசையைப் பொறுத்து. நிழலில் நடக்கும் உடம்புக்குத் தெரியும் சுகம் அந்த ஒரு டிகிரியைவிட ரொம்பப் பெரியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் வெக்கை குறைந்துவிடும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

இப்போது, காகிதங்களை எல்லாம் மூடிவைத்துவிட்டு நேரில் போய்ப் பார்க்கச் சொல்வேன், ஆனால் நடுப் பூங்காவுக்குப் போக வேண்டாம். நடுவில் எல்லாப் பூங்காவும் அழகுதான். விளிம்பில் நடந்து பாருங்கள், வேலி ஓரமாகவே, முழுச் சுற்று. ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? எத்தனை வாசல்கள் பூட்டிக் கிடக்கின்றன? வீடுகள் பூங்காவைப் பார்த்துத் திறக்கின்றனவா, அல்லது முதுகைக் காட்டிக்கொண்டு மதிலாக நிற்கின்றனவா? முதுகு காட்டும் நீளத்தில்தான் குப்பை சேரும், விளக்கு எரியாது, இருட்டினால் யாரும் நடக்க மாட்டார்கள். வேலியின் இரும்புக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள்: பெயின்ட் அடுக்கடுக்காக இருந்தால் வருஷா வருஷம் யாரோ அடிக்கிறார்கள், துரு கையில் ஒட்டினால் நிதி நின்று நாளாகிவிட்டது. மழை நின்ற மறுநாள் போனால் நடைபாதையில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று தெரியும், வடிகால் அடைத்திருக்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பெஞ்சுகள் தேய்ந்திருக்கிறதா உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்வது நல்லது, உடைவதுதான் ஆகாது.

நேரம் மாற்றி மாற்றிப் போவது முக்கியம். நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் பிலடெல்ஃபியாவின் ரிட்டன்ஹவுஸ் ஸ்கொயரை வைத்து ஒன்று சொன்னார், இத்தனை வருஷத்தில் நான் பார்த்த எந்தப் பூங்காவும் அதைப் பொய்யாக்கவில்லை: பூங்காவைக் காப்பாற்றுவது அதன் சுற்றுப்புறத்தில் இருக்கும் வகை வகையான ஆட்கள். காலையில் நடப்பவர்கள், அப்புறம் குழந்தையோடு வருபவர்கள், மதியம் அலுவலகத்திலிருந்து சாப்பிட வருபவர்கள், மாலையில் பள்ளிப் பிள்ளைகள், இரவு உணவுக்கு வெளியே போகிறவர்கள் என்று ஒருவர் போக ஒருவர் வந்துகொண்டே இருந்தால் பூங்கா பாதுகாப்பாக இருக்கும். சுற்றிலும் வீடுகள் மட்டுமே, அதுவும் ஒரே வசதிக்காரர்களின் வீடுகள் மட்டுமே இருந்தால் பகல் பன்னிரண்டு மணிக்கு அது வெறிச்சோடிப் போகும். அதனால் பூங்கா ஓரத்தில் ஒரு கடைத்தெரு இருப்பதைக் குறையாகப் பார்க்காதீர்கள்.

பாரம்பரியப் பகுதியாக அறிவித்த இடமாக இருந்தால், ஜன்னலை மாற்ற, முகப்புக்கு வண்ணம் அடிக்க, மேலே ஒரு மாடி எழுப்ப, எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே அந்த விதிகளைப் படித்துவிடுங்கள். தொல்லைதான், ஆனால் எதிரே பூங்காவை மறைத்து ஒரு கோபுரக் கட்டடம் எழும்பாமல் இருப்பதும் அதே விதிகளால்தான்.

கடைசியாக, எந்த வீடு என்று கேட்டிருக்கிறீர்கள், பூங்காவை நேராகப் பார்த்ததா, இரண்டு தெரு உள்ளே இருப்பதா? நான் வாங்குவதாக இருந்தால் உள்ளே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். நடந்து ஐந்து நிமிஷத்தில் அதே பூங்கா உங்களுக்கும் கிடைக்கிறது. விழா நாட்களின் சத்தமும் நிறுத்த இடம் தேடும் வண்டிகளும் பாதியாகக் குறைகின்றன. கூடுதல் விலையின் பெரும்பகுதி மிச்சம். வீட்டில் நடக்க முடியாத பெரியவர் யாராவது இருந்து, ஜன்னலில் உட்கார்ந்தே அவர் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தக் கணக்கு மாறும், அப்போது நேர்முகமாக இருப்பதற்குக் கூடக் கொடுக்கலாம். எதுவானாலும் நிலப் பயன்பாட்டு வரைபடம் கைக்கு வந்ததும் அதில் பூங்கா எந்த நிறத்தில், எந்தக் குறியோடு இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், அதைப் படிக்க உதவுகிறேன். முன்பணம் அதற்கு அப்புறம் போதும்.